பால்கிரன் குடும்பத்தின் மலைக்கிளை

பச்சமுத்துவின் மகள் எழில்மதிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கிடைத்தது என்றால், கிடைத்த மாதிரி. அது பழங்குடி ஒதுக்கீட்டில் வந்த இடம். அவள் பழங்குடிதான் என்று ஒரு சான்றிதழை மாதக் கடைசிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, பேருந்து திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் மேலே நடந்து போகவேண்டிய ஊர் அவர்களுடையது. அந்த ஊர்க்காரர்கள் வேறு யாராகவாவது இருக்கக்கூடும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் பச்சமுத்துவும் இதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. மரவள்ளிக் காட்டில் களையெடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கீழே போனால் முடிகிற காரியம் என்று பெண்டாட்டி காசியம்மாளிடம் சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினான்.

சான்றிதழ் அலுவலகத்தில் அருள்மொழி என்கிற அதிகாரி இருந்தார். தகுதியில்லாத ஒருவருக்குக்கூடத் தன் கையால் சான்று போனதில்லை என்பது அவருடைய பெருமை. தகுதியுள்ள ஒருவருக்கும் கொடுக்காமல் இருந்துதான் அவர் அதைச் சாதித்திருந்தார்.

“உங்க அப்பாவுக்குச் சான்று இருக்கா?”

“இல்லீங்க. அவுரு பள்ளிக்கூடமே போவலீங்க.”

“தாத்தாவுக்கு?”

“தாத்தா பேரு இருசப்பன்ங்க.”

“பேரைக் கேக்கல. அவர் பழங்குடிங்கிறதுக்கு ஆதாரம் கேக்கறேன்.”

“மலையிலதாங்க பொறந்தாரு. மலையிலதாங்க செத்தாரு.”

“மலையிலே குரங்கும்தான் பொறக்குது, சாகுது. அதுங்க எல்லாம் வரிசையில வந்து நின்னா நான் கையெழுத்துப் போட முடியுமா?” அருள்மொழி குரலைத் தணித்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. “தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வருது. அந்த மாதிரி நம்பிக்கை வந்துடக் கூடாதுன்னுதான் என்னை இங்கே உட்கார வெச்சிருக்காங்க.”

பச்சமுத்துவுக்கு இதில் தனக்கு ஏதோ மரியாதை செய்யப்பட்டது போல இருந்தது. கும்பிட்டான்.

“தியாகதுருகம் ரோட்டுல வம்சாவளி ஆய்வு நிலையம்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கத்துல பரம்பரையைப் பத்திப் பேசற தகுதி அவங்களுக்குத்தான். அங்கேருந்து அறிக்கை வாங்கிட்டு வாங்க. உங்க தாத்தா யாருன்னு அவங்க சொல்லட்டும்.”

“எங்க தாத்தா யாருன்னு எனக்கே தெரியுங்களே.”

“அதான் பிரச்சனையே,” என்றார் அருள்மொழி. “உங்களுக்கு மட்டும்தான் தெரியுது.”

வம்சாவளி ஆய்வு நிலையம் பெரிய கட்டடம். வாசலில் தூண், தூணுக்குத் தூண் கல்சிங்கம். அதை நிறுவியவர் ராமசாமி என்கிற பெரிய நிலக்காரர். தம்முடைய குடும்பத்தின் வம்சாவளியைத் தோண்டி எழுதத்தான் முதலில் ஆட்களை வைத்தார். மூன்று தலைமுறை தோண்டியதும் அவர்கள் கண்டெடுத்ததை வெளியே சொல்ல முடியாமல் போயிற்று. ஆட்களைப் போகச் சொல்லவும் மனம் வரவில்லை. கட்டடம் வேறு கட்டியாகிவிட்டது. ஆகவே, என்ன எழுதினாலும் சண்டைக்கு வர முடியாத தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து ஆராயும்படி உத்தரவு போட்டார். அப்படிக் கிடைத்ததுதான் ஸ்காட்லாந்து நாட்டில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக நிலபுலத்தோடு வாழ்ந்த பால்கிரன் குடும்பம். ராமசாமி போய்ச் சேர்ந்த பிறகும் உத்தரவை மாற்ற யாரும் இல்லாததால், நிலையம் பால்கிரன்களை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களில் ஒருவரும் ஸ்காட்லாந்தைப் பார்த்ததில்லை. ஆனால் பால்கிரன் வீட்டில் யார் யாரைக் கட்டினார்கள், யார் யாரைக் கொன்றார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இயக்குநர் முனைவர் தமிழரசன் பச்சமுத்துவை உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஆய்வாளர் சுபஸ்ரீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். எந்தக் குடும்பம் வந்தாலும் பால்கிரன்களுக்கு வகுத்த முறைப்படிதான் விசாரிப்பார்கள். வேறு முறை அவர்களுக்குத் தெரியாது.

“உங்க குடும்பத்துக்கு முத்திரை உண்டா?”

“ரேசன் கார்டுல குத்தியிருக்காங்க.”

“அது இல்ல. சிங்கம், கழுகு, இந்த மாதிரி?”

“மலையில கரடிதாங்க இருக்குது.”

சுபஸ்ரீ கரடி என்று எழுதிக்கொண்டாள்.

“பட்டயம்?”

“பட்டாங்களா? கேட்டுக்கினுதான் இருக்கோம். இன்னும் குடுக்கல.”

“எந்த அரசன் உங்களுக்கு நிலம் கொடுத்தான்?”

“யாரும் குடுக்கலீங்க. காட்டைத் திருத்தி நாங்களே வெச்சிக்கினோம்.”

தமிழரசனும் சுபஸ்ரீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவமானமான ஒன்றை அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

“நிலம்னா ஒருத்தன் கொடுக்கணும் பச்சமுத்து. இல்லேன்னா அது சும்மா மண்ணு,” என்றார் தமிழரசன். எழுந்து சுவரோரம் போனார். சுவர் முழுக்க ஒரு மரம் வரைந்து, இலைக்கு ஒரு பெயராக எழுதியிருந்தது. “இங்கே பாருங்க. டங்கன் பால்கிரன். குடும்பத்தை ஆரம்பிச்ச மகான். பக்கத்து ஊருக்குள்ள புகுந்து மாட்டையெல்லாம் ஓட்டிட்டு வந்தாரு. கேக்க வந்த சொந்தத் தம்பியை வெட்டினாரு. வெட்டுப்பட்ட தம்பி ஓடி ஒளிஞ்ச மாதாகோயிலைச் சாமியாருங்களோட சேர்த்துக் கொளுத்தினாரு. ராஜா கூப்பிட்டு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க எழுதிக் கொடுத்தான். அன்னையிலேருந்து அவங்க கண்ணியமான குடும்பம்.”

பச்சமுத்து யோசித்தான். “மாட்டைத் திருடுனதுக்கா சார் நெலம் குடுத்தாங்க?”

“திருட்டு இல்ல. எழுதி வெச்சுட்டா அது வரலாறு.” தமிழரசன் உருகினார். “உங்க பரம்பரையில இந்த அளவுக்கு ஒருத்தராவது இருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. சின்னதா ஒரு கொலை?”

பச்சமுத்து உண்மையாகவே யோசித்தான். தாத்தா இருசப்பன் கோபம் வந்தால் கம்பைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், கோபம் தீர்ந்ததும் தேனோடு திரும்புகிறவர். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. மகள் படிப்பு கெட்டுப்போகிற அளவுக்கு யோக்கியமான குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று அவனுக்கு முதல்முறையாக வருத்தமாக இருந்தது.

“எழுத்து இல்ல, முத்திரை இல்ல, அரசன் இல்ல,” என்றார் தமிழரசன். “மிச்சம் இருக்கிறது கல்லறைதான். பால்கிரன்களுக்கே பாதி விஷயம் கல்லறையிலேருந்துதான் கிடைச்சுது. தாத்தாவைப் புதைச்சீங்களா, எரிச்சீங்களா?”

“பொதைச்சோங்க.”

“நல்ல காரியம் பண்ணீங்க,” என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் காசியம்மாள் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“செத்தவன எழுப்பி சாட்சி கேக்குற ஆபீசு எந்த ஊர்ல கீது? உனக்குப் புத்தி இன்னா ஆச்சு?”

“எழுப்பல புள்ள. பாத்துட்டு மறுபடி மூடிடுவாங்களாம்.”

“வேணாம்பா,” என்றாள் எழில்மதி. “நான் வேற எதனா படிச்சிக்கிறேன். தாத்தாவ வுட்ருங்க.”

“வேற இன்னா படிச்சாலும் இதே சான்றுதான் கேப்பான். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு உன் புள்ளைக்கும் கேப்பான். அப்ப என்னத் தோண்டுவியா?”

காசியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நிலையத்தின் ஜீப் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, பாதை முடிந்த இடத்தில் நின்றது. அங்கிருந்து நடந்து வந்த தமிழரசன் முதலில் கோட்டை எங்கே என்று கேட்டார். கோட்டை இல்லை என்றதும் ஆட்டுப்பட்டியின் கல்சுவரை அளந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு புதைமேட்டுக்குப் போனார்கள். மண்வெட்டி கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் பிடிக்கத் தெரிந்தவன் அங்கே பச்சமுத்து ஒருவன்தான். அதனால் அவன் கையிலேயே கொடுத்தார்கள்.

மண் இளக்கமாக இருந்தது. தாத்தா ஆழமாகப் போகவில்லை. முதலில் கால் வந்தது. பச்சமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினான். மண்டை ஓடு வந்ததும் மண்ணைத் துடைத்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. பலாப்பழம் பறிக்கப் போய்க் கிளை முறிந்து விழுந்து, வாயெல்லாம் ரத்தமாக, பழத்தை மட்டும் விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு தாத்தா வீட்டுக்கு வந்தது அவனுக்கு நினைவு வந்தது. அன்று அந்தப் பழத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தார்.

“எங்க தாத்தாதாங்க,” என்றான் பச்சமுத்து. குரல் உடைந்துவிட்டது.

“அழுதுகிட்டுச் சொல்ற சாட்சியத்தை நாங்க எடுத்துக்கறதில்ல,” என்றார் தமிழரசன். “கத்தி, கவசம், மோதிரம் எதாவது கிடைக்குதா பாருங்க.”

ஒன்றும் கிடைக்கவில்லை. எலும்புகளை மூடச் சொல்லுவார்கள் என்று பச்சமுத்து நின்றான். சுபஸ்ரீ அவற்றை ஒரு பெட்டியில் எடுத்து அடுக்கினாள். ஆய்வு முடியும்வரை நிலையத்தில் இருக்கும் என்றாள். காசியம்மாள் வெறும் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனவள் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கையைக் கருத்தரங்கில் வைத்துத்தான் கொடுப்பார்களாம். பச்சமுத்து குளித்து, இருப்பதில் நல்ல கைலியைக் கட்டிக்கொண்டு போனான். மேடையில் நடுநாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். நடுநாற்காலியில் உட்காரவைத்துக் கொடுக்கிற அறிக்கை மோசமாக இருக்காது என்று அவனுக்குத் தைரியம் வந்தது.

தமிழரசன் பேச எழுந்தார். பால்கிரன் குடும்பத்தின் கடைசிக் கிளையில் ஆர்ச்சிபால்டு என்று ஒருவன் இருந்தானாம். அப்பன் விரட்டிவிட்டதால் கப்பலேறிக் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்தானாம். அந்தப் பட்டாளம் ஒரு காலத்தில் தியாகதுருகம் கோட்டையில் கிடந்ததாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லையாம்.

“குறிப்பு இல்லை என்றால் என்ன அர்த்தம்?” என்று தமிழரசன் சபையைக் கேட்டார். “அவன் மலைக்குப் போனான் என்று அர்த்தம். மலைக்குப் போனவர்களைப் பற்றித்தான் குறிப்பே இருக்காது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? இருந்தும் நாங்கள் நிற்கவில்லை. தோண்டினோம். மண்டை ஓடு நீளம். பால்கிரன்களுக்கும் நீளம். குடும்ப முத்திரை கரடி. பால்கிரன்களுடையது ஓநாய், வெயில் நாட்டில் அது கரடியாக மாறியிருக்கிறது. கடைசியாக, இவருடைய இடுப்பைப் பாருங்கள்!”

சபை பார்த்தது. பச்சமுத்துவும் குனிந்து பார்த்துக்கொண்டான்.

“கட்டம் போட்ட துணி! ஸ்காட்லாந்து நிலப்பிரபுக்கள் காலம்காலமாக இடுப்பில் கட்டுவது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே, ரத்தம் தானாகத் தேடிப்போய்க் கட்டியிருக்கிறது.”

கைதட்டல் ஓயவில்லை. அது கச்சிராயபாளையம் சந்தையில் வாங்கிய கைலி என்று சொல்ல பச்சமுத்து வாயெடுத்தான். அதற்குள் சால்வை போர்த்திவிட்டார்கள். அவன் காதில் விழுந்ததில் புரிந்தது ஒன்றுதான்: வம்சாவளி சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்டது. அது போதும் அவனுக்கு. சுபஸ்ரீ கண் கலங்க அவன் காலைத் தொட்டு, “பிரபு,” என்றாள். ஏதோ பிரபுவைக் கூப்பிடுகிறாள் போல என்று அவன் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே அருள்மொழியிடம் ஓடினான். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தார்.

“அருமையான வேலை. இப்படி ஒரு அறிக்கை நம்ம ஆபீசுக்கு வந்ததே இல்ல.” கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா ஸ்காட்லாந்து நம்ம பழங்குடிப் பட்டியல்ல இல்லீங்களே.”

“எது சார்?”

“நீங்க வெள்ளைக்காரங்க வம்சம்னு நிரூபணம் ஆகியிருக்கு. வெள்ளைக்காரருக்கு நான் எப்படிச் சான்று கொடுப்பேன்?”

பச்சமுத்துவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “எங்க பாட்டிங்கள எவனோ ஒரு பட்டாளத்துக்காரன்கூடப் படுக்க வெச்சி எழுதியிருக்காங்களா சார்?”

“அதை அவங்க நாகரிகமாத்தான் எழுதியிருக்காங்க,” என்றார் அருள்மொழி. “இன்னொரு சங்கடமும் இருக்கு. பரம்பரை நில உடைமையாளர்னு போட்டிருக்கு. ஒரு பள்ளத்தாக்கே உங்களுக்குப் பாத்தியம். ஆகவே இலவச அரிசி, நூறு நாள் வேலை, இது ரெண்டையும் நிறுத்தச் சொல்லி நான் எழுதியாகணும். மலைநிலத்தை வெளியாளுங்க வெச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு விதி வேற இருக்கு. உங்க மரவள்ளிக் காட்டை என்ன பண்றதுன்னு மேலே கேட்டு எழுதறேன். மனசைத் தளர விடாதீங்க.”

பச்சமுத்து மறுபடி தியாகதுருகம் ரோட்டுக்கு நடந்தான். நிலையத்தின் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி புதிதாக முளைத்திருந்தது. அதற்குள் தாத்தா இருந்தார். ‘பால்கிரன் குடும்பம், இந்தியக் கிளை’ என்று எழுதி, மேலே ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள்.

“அந்த அறிக்கைய ரத்து பண்ணிடுங்க சார். தாத்தாவக் குடுத்துடுங்க. நான் போய்ப் பொதைச்சிக்கிறேன்.”

“வம்சத்திலேருந்து ராஜினாமா பண்ண முடியாது பச்சமுத்து,” என்றார் தமிழரசன் பொறுமையாக. “ஈவன் பால்கிரன்னு ஒருத்தன் முயற்சி பண்ணான். தலையணையை வெச்சு அழுத்திட்டாங்க. எலும்பு குடும்பச் சொத்து. குடும்பத் தலைவர் உத்தரவு இல்லாம அசைக்க முடியாது.”

“அப்ப அந்தத் தலைவரு நான்தானுங்களே?”

“நீங்கதான். ஆனா மால்கம் பால்கிரனுக்குச் சித்தம் கலங்கினதிலேருந்து தலைவர் பேர்ல நிர்வாகிதான் முடிவெடுக்கணும்னு அந்தக் குடும்பத்துல ஏற்பாடு. நிர்வாகி நான். நான் உங்க சார்பா யோசிச்சுப் பார்த்தேன். எலும்பு இங்கேயே இருக்கட்டும்னு நீங்க முடிவு பண்ணியிருக்கீங்க.”

பச்சமுத்து இதுவரை ஒருவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் காரியம் கெடும் என்று அடக்கிக்கொண்டவன். இனிக் கெடுவதற்குக் காரியம் எதுவும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிமேல் போட்டான். துண்டை விரித்து எலும்புகளை அள்ளினான். கை கிழிந்து ரத்தம் தாத்தாமேல் சொட்டியது.

“ஐயோ, ஆர்ச்சிபால்டோட வாரிசைத் தூக்கிட்டுப் போறான்!” என்று சுபஸ்ரீ அலறினாள்.

“திருடன்! பிடி அந்த மலைக்காரப் பயலை!” என்று கத்தினார் தமிழரசன்.

கல்சிங்கத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் எழுத்தர் அவனைத் தரையில் உட்கார வைத்துவிட்டு எழுதினார். பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அடுத்த கட்டத்தில் கேட்காமலே எழுதிவிட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று தள்ளினார். பச்சமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘இனம்: பழங்குடி’ என்று இருந்தது.

“ஐயா, இத எப்பிடி எழுதுனீங்க?”

“ஏன், இல்லியா?”

“ஆமாங்க. ஆனா நான் சொல்லலீங்களே. ஆதாரம் ஒண்ணும் கேக்கலீங்களே.”

“மலைக்காரன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதாய்யா? கம்ப்ளைண்ட் குடுத்தவரும் அப்படித்தான் எழுதியிருக்காரு. போடு கையெழுத்தை.”

பச்சமுத்து அழுதுவிட்டான். செய்த தப்புக்கு வருந்துகிறான் என்று எழுத்தருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

எலும்பு வழக்குச் சொத்து என்பதால், கோணியில் கட்டி, பிடிபட்ட சாராயக் கேன்களோடு காவல் நிலையத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பச்சமுத்து ஜாமீனில் வந்த அன்று மகளைக் கூட்டிக்கொண்டு, வழக்கின் நகலோடு சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனான். அருள்மொழி அதைப் படித்தார். முகம் மலர்ந்தது.

“அரசாங்கமே பழங்குடின்னு எழுதி முத்திரை போட்டிருக்கே! இதுக்கு மேல நான் யாரு?” ஒரு நிமிஷத்தில் சான்றிதழை அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “இதை முதல்லயே கொண்டாந்திருந்தா உங்களுக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் சங்கடம் இல்ல.”

கல்லூரிக்குப் போன் போட்டார்கள். அந்த இடம் போன வாரமே வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்கள். தேதி முடிந்துவிட்டதாம்.

எழில்மதி சான்றிதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பேருந்து நிலையத்துக்கு வந்ததும் ஓரமாகப் போய் நின்று யோசித்தாள். அங்கே திருப்பூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கு ஆள் எடுக்கிற வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே அவள் வயதுப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வேன்காரனிடம் போய்ப் பேசினாள்.

“வாணாம்மா,” என்றான் பச்சமுத்து. “அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருசம் வரிக்கும் அரிசிக்கு இன்னா பண்ணுவ? கேசுக்கு யாரு பாப்பாங்க?” அவன் கையில் இன்னும் கட்டு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். “அம்மாகிட்ட நீயே சொல்லிக்க.”

வேனில் ஏறும்போது கையில் இருந்த சான்றிதழை வேன்காரனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கக்கூட இல்லை.

“நீ யாரா இருந்தா எங்களுக்கென்னம்மா,” என்றான் அன்பாக. “தள்ளி உக்காரு, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்.”